அசோர்ஸ் தீவுகள்: பேக்கேஜுக்கு மூன்று மார்க், தீவுக்காரர்களுக்கு ஒன்பது

மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன். எங்களை அனுப்பிவைத்த டிராவல்ஸின் பேக்கேஜுக்குப் பத்துக்கு மூன்று. அந்த மூன்றும் விமான டிக்கெட்டும் ஷெங்கன் விசா பேப்பரும் குளறுபடி இல்லாமல் இருந்ததற்கு. அசோர்ஸில் இறங்கியபின் நாங்களே பிடித்துக்கொண்ட படகு, டாக்ஸி, சாப்பாட்டுக் கடை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்பது. குறைத்த ஒன்று படகின் சீட்டுக்கு. ஏன் என்று என் இடுப்பைக் கேட்டால் சொல்லும்.

எங்களுக்குக் கிருஷ்ணகிரியை ஒட்டி கிரானைட் கம்பெனி. கல் அறுப்பதும் பாலிஷ் போடுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு, பில்லும் ஜிஎஸ்டியும் என் தலையில். மகள் லிஸ்பனில் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போகும்போது அப்படியே எங்காவது சுற்றி வரலாமா என்று கேட்டதற்கு டிராவல்ஸ்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் அனுப்பினார்: ‘ஐரோப்பாவின் ஹவாய்! ஒன்பது தீவுகள்! திமிங்கலம் கேரண்டி!’ அவர் பெயர் இங்கே வேண்டாம். நம் பக்கத்து ஆள், நாளைக்கே ஏதாவது கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்காருவார்.

ஒன்பது தீவு என்பது உண்மைதான். லிஸ்பனிலிருந்து மேற்கே சுமார் 1,400 கிலோமீட்டர், விமானத்தில் இரண்டரை மணி நேரம். 1976 முதல் போர்ச்சுகலுக்குள்ளேயே தன்னாட்சிப் பகுதி. அத்தனையும் கடலடி எரிமலைகள் கக்கிக் கக்கி மேலே வந்த நிலம். மொத்த ஜனத்தொகை இரண்டரை லட்சத்துக்கும் குறைவு. பேக்கேஜில் இருந்தது நான்கு தீவு: சாவ் மிகேல், பிக்கோ, ஃபயால், டெர்சைரா. அதில் எனக்குக் குறை இல்லை. ஒன்பதையும் ஒரே மூச்சில் பார்க்கக் கிளம்பினால் ஒன்பது ஏர்போர்ட்டைத்தான் பார்க்க முடியும்.

குறை ஆரம்பித்தது சாவ் மிகேலில், சாப்பாட்டில்.

ஃபுர்னாஸ் என்று ஒரு ஊர். எரிமலை வாய்க்குள்ளேயே ஊர் இருக்கிறது. தெருவோரம் தரையிலிருந்து ஆவி வருகிறது, சேற்றுக் குழி கொப்பளிக்கிறது, கந்தக வாடை. பக்கத்து ஏரிக்கரையில் மண்ணைத் தோண்டிக் குழிகள் போட்டிருக்கிறார்கள். காலையில் பெரிய பாத்திரத்தை அதில் இறக்கி மூடி, மேலே மண்ணைக் குவித்து, எந்தக் கடைப் பாத்திரம் என்று தெரிய ஒரு பெயர்ப்பலகையைச் செருகிவிடுகிறார்கள். ஆறு மணி நேரம் போல பூமிச் சூட்டிலேயே வேகிறது. மத்தியானம் ஆட்கள் வந்து மண்ணைத் தள்ளி, கொக்கி போட்டுப் பாத்திரத்தை மேலே தூக்குவதைப் பார்க்க ஒரு கூட்டமே நிற்கும். கொசீடோ என்று பெயர். மாடு, பன்றி, கோழி, ரத்தம் சேர்த்த சாசேஜ், கூடவே கோஸ், கேரட், கிழங்கு வகைகள்.

பேக்கேஜ் பேப்பரில் ‘சைவ கொசீடோ, முன்பதிவு செய்யப்பட்டது’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கடையில் கேட்டால் அப்படி ஒரு பதிவே இல்லை. சைவம் செய்து தர அவர்களுக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் பாத்திரம் விடியற்காலையில் குழிக்குள் போய்விடும், முந்தின நாளே சொல்லியிருக்க வேண்டும். டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டால் அங்கே மாலை நேரம், எடுக்கவில்லை. அன்றைக்கு வெந்நீர் ஊற்றில் மூட்டையாகத் தொங்கவிட்டு வேகவைத்த மக்காச்சோளக் கதிரைத் தின்று பசியாறினோம். உப்பு போடாமலே லேசாக ஒரு தாது ருசி. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

மகள் வேறொரு கடைக்குத் தனக்குத் தெரிந்த போர்ச்சுகீசில் போன் போட்டு மறுநாளைக்குச் சைவப் பாத்திரம் ஒன்று சொல்லிவைத்தாள். மறுநாள் தட்டில் வந்ததைப் பார்த்து என் மாமியார், “இது நம்ம சேப்பங்கிழங்குடி” என்றார்கள். அதேதான். ஃபுர்னாஸில் வெதுவெதுப்பான ஓடைத் தண்ணீரில் பயிர் செய்கிறார்கள். வெந்ததும் சாம்பலும் ஊதாவும் கலந்த நிறம், மேலே மெல்லிய பிசுபிசுப்பு. அத்தை கைப்பையிலிருந்து பருப்புப் பொடியை எடுத்து, தட்டோரத்தில் கொட்டி, அங்கே கிடைத்த ஆலிவ் எண்ணெயைக் குழைத்து, கிழங்கைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார்கள். பரிமாறிய அம்மா இரண்டு விரலில் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, இன்னொரு தட்டுக் கிழங்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பில்லில் அது இல்லை.

அதே ஊரில் டெர்ரா நோஸ்ட்ரா என்ற பூங்கா. பதினெட்டாம் நூற்றாண்டில் ஓர் அமெரிக்க வியாபாரி ஆரம்பித்தது. நடுவில் இரும்புச் சத்து கலந்த வெந்நீர்க் குளம், பழுப்பு மஞ்சள் நிறம். மூட்டு வலிக்காரர்கள் தவறாமல் இறங்குங்கள். வெள்ளைத் துணியோடு மட்டும் இறங்காதீர்கள். வீட்டுக்காரரின் துண்டு இன்னும் காவி நிறத்தில்தான் கொடியில் தொங்குகிறது.

செட்டே சிடாடெஸ் ஏரியைப் பற்றி நீங்களே படம் பார்த்திருப்பீர்கள், ஒரு பாதி நீலம், ஒரு பாதி பச்சை. எங்களை டிராவல்ஸ் ஏற்பாடு செய்த வேன் கொண்டுபோய் விட்டபோது பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, ஒரே மேகம். டிரைவர் கடிகாரத்தைக் காட்டி ஏறச் சொன்னார். இந்தத் தீவுகளில் வெயில், மழை, மேகம் எல்லாம் ஒரே நாளில் வந்து போகும். ஸ்பாட்அசோர்ஸ் என்ற தளத்தில் மலை உச்சிகளின் கேமரா நேரலையில் ஓடுகிறது. காலையில் அதைப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் தெளிவாக இருக்கிறதோ அந்தப் பக்கம் போவதுதான் உள்ளூர்க்காரர்கள் வழக்கம். மணி போட்டு இழுத்துப்போகும் வேனில் இது நடக்காது. அன்றைக்கே அந்த வேனை விட்டுவிட்டு மகள் வாடகைக் கார் எடுத்தாள். இரண்டாவது முறை போனபோது ஏரி முழுசாகத் தெரிந்தது.

கோர்ரியானா தேயிலைத் தோட்டம் 1883 முதல் நடக்கிறது; ஐரோப்பாவில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பதில் பழையது. நுழைவுக் கட்டணம் கிடையாது, பழைய மெஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்கலாம். பால் இல்லாத டீ. தீவு முழுக்க மாடு மேய்கிறது, போர்ச்சுகலின் பாலில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இங்கிருந்துதான் போகிறது, ஆனால் டீயில் ஒரு சொட்டு ஊற்ற மாட்டேன் என்கிறார்கள். சரி, அவர்கள் வழக்கம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அன்னாசித் தோட்டம். பொன்டா டெல்கடா நகரத்தை ஒட்டிச் சுண்ணாம்பு பூசிய கண்ணாடிக் கூரைக்குள் வளர்க்கிறார்கள். ஒரு காலத்தில் இங்கே ஆரஞ்சு ஏற்றுமதி கொடிகட்டிப் பறந்ததாம். நோய் வந்து மரங்கள் போனபின் அன்னாசிக்கு மாறியிருக்கிறார்கள். நட்டுப் பறிக்க இரண்டு வருஷம் வரை ஆகிறது. எல்லாச் செடியும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும் என்பதற்காகக் கண்ணாடி வீட்டுக்குள் புகை போடுகிறார்கள். என் பிறந்த வீடு போச்சம்பள்ளிப் பக்கம், மாந்தோப்பு. பூ எடுக்கவில்லை, பூ எடுக்கவில்லை என்று தை மாதம் முழுக்க என் அப்பா புலம்புவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். இலையும் தழையும் மூட்டிய புகையில் பயிரைப் பூக்க வைக்கும் ஆட்களிடம் எனக்குப் பேச நிறைய இருந்தது, மகள்தான் மொழிபெயர்த்துச் சலித்துவிட்டாள்.

இனி பிக்கோ. இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பிக்கோ என்றால் ஒரு மலை, அதைச் சுற்றிக் கொஞ்சம் தீவு. உயரம் 2,351 மீட்டர், போர்ச்சுகலிலேயே உயர்ந்தது. நம் தொட்டபெட்டாவைவிடக் குறைவுதான், ஆனால் ஊட்டிபோல் ஏறி ஏறிப் போய்க் கடைசியில் ஒரு சிகரம் என்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஒரே தூக்காக நிற்கிறது. டிராவல்ஸ் எங்களுக்கு அறை போட்டது மடலேனாவில். திமிங்கலப் படகு கிளம்புவது லாஜெஸிலிருந்து, தீவின் மறுபக்கம், சுமார் 35 கிலோமீட்டர். வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தினமும் டாக்ஸி. டாக்ஸி ஓட்டியது ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், அவர் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

இந்தத் தீவுக்காரர்கள் ஒரு காலத்தில் திமிங்கலம் வேட்டையாடியவர்கள். துடுப்புப் படகில் போய்க் கையால் ஈட்டி எறிந்து பிடிப்பது. மலைமேல் சின்ன அறை, அதில் ஒரு ஆள் விடிந்ததிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். திமிங்கலம் மூச்சு விடுவது தெரிந்தால் ராக்கெட் வெடி விடுவார், வயலில் இருப்பவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் படகுக்கு ஓடுவான். 1987-இல் பிக்கோவில் பிடித்ததுதான் கடைசி. சில ஆண்டுகளிலேயே அதே மலை அறையில், அதே கண்காணிப்பு முறையில், திமிங்கலத்தைக் காட்டும் தொழில் தொடங்கிவிட்டது. இன்றைக்கும் ஆள் மேலே உட்கார்ந்து பைனாகுலரில் தேடி, வயர்லெஸ்ஸில் படகுக்கு வழி சொல்கிறார். படகோட்டி கடலில் குத்துமதிப்பாக அலைவதில்லை.

கரையிலிருந்து சில கிலோமீட்டரிலேயே திமிங்கலம் கிடைப்பதற்குக் காரணம், எரிமலைத் தீவு என்பதால் கடல் சட்டென்று ஆழமாகிவிடுகிறது. ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு ஆழம்தான் வேண்டும், இரை கணவாய். நம் பேப்பரில் மாதம் ஒருமுறை ‘அம்பர்கிரிஸ் கடத்தல், நான்கு பேர் கைது’ என்று வருமே, அதைத் தரும் இனம் இதுதான்.

படகுக்கு ஆளுக்கு 70 யூரோ கொடுத்தோம். பேக்கேஜில் ‘கேரண்டி’ போட்டவர் அந்தக் காசைச் சேர்க்கவில்லை என்பதைக் கவுண்டரில்தான் தெரிந்துகொண்டோம். கவுண்டரில் இருந்த பெண் ‘கேரண்டி’ என்ற சொல்லுக்கே சிரித்தாள். காட்டு மிருகத்துக்கு யார் கேரண்டி தர முடியும்? முதலில் உட்காரவைத்துப் படம் போட்டு விளக்கினார்கள்: பின்பக்கமாகத்தான் நெருங்க வேண்டும், 50 மீட்டருக்குள் போகக்கூடாது, திமிங்கலத்தோடு நீந்த அனுமதி கிடையாது. அப்புறம் மழைச்சட்டை, லைஃப் ஜாக்கெட். காற்றடைத்த ரப்பர் படகு. சீட்டில் குதிரை மேல் உட்காருவதுபோல் கால் பரப்பி உட்கார வேண்டும். அலைக்கு அலை தூக்கித் தூக்கிப் போடுகிறது. முதுகுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஏறவே கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். பாத்ரூம் கிடையாது. வாந்தி மாத்திரையை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள், கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

வயர்லெஸ்ஸில் மேலிருந்து குரல் வந்ததும் படகு திரும்பியது. முதலில் தெரிந்தது மூச்சுதான். மற்றத் திமிங்கலங்களுக்கு நேர் மேலே பீய்ச்சும், இதற்கு முன்பக்கமாக, இடப்பக்கம் சாய்ந்து வருகிறது. மூக்குத் துளை இடது ஓரத்தில் இருப்பதால். தோல் வழவழப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். முதுகு முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக இருந்தது. பத்து நிமிஷம் அப்படியே கிடந்து மூச்சு வாங்கியது. படகோட்டி ஒரு மைக்கைத் தண்ணீருக்குள் இறக்கினார். கீழே இருந்த வேறு திமிங்கலங்களின் சத்தம், டக், டக், டக், சீரான இடைவெளியில். அந்தச் சத்தம் எதிரொலித்து வருவதை வைத்துத்தான் இருட்டில் இரை தேடுகிறதாம். பிறகு முதுகு வளைந்தது, வால் முழுசாக மேலே எழுந்து தண்ணீர் வடிய உள்ளே போனது. இனி முக்கால் மணி நேரம் வராது என்றார் படகோட்டி. வீட்டுக்காரர் வீடியோ எடுத்திருக்கிறார், அதில் முக்கால்வாசி முன்னால் உட்கார்ந்தவரின் தொப்பி.

அத்தையைப் படகில் ஏற்றவில்லை, டாக்ஸி அம்மாவோடு விட்டுப் போனோம். அவர் அத்தையை முதலில் லாஜெஸில் பழைய படகுக் கொட்டகைகளில் வைத்திருக்கும் வேட்டை அருங்காட்சியகத்துக்கும், அங்கிருந்து கெய்மாடா கண்காணிப்பு அறைக்கும் கூட்டிப் போயிருக்கிறார். வெள்ளையடித்த சின்னக் கட்டடம், கடல் பக்கம் நீளமாக ஒரு திறப்பு. உள்ளே இருந்த பெரியவர் பைனாகுலரை அத்தையிடம் கொடுத்து, இப்படி, இன்னும் கொஞ்சம் இப்படி என்று தோளைத் திருப்பியிருக்கிறார். ஆக நாங்கள் பார்த்த திமிங்கலத்தை எங்களுக்கு முன்னாலேயே அத்தை பார்த்துவிட்டார்கள். “நீங்க மூணு பேரும் ஆரஞ்சு சட்டையில தப்புப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தீங்க” என்று இன்றைக்கும் வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார்கள். செலவு ஒரு காசு இல்லை.

பிக்கோவில் வீட்டுக்காரருக்கு வேறு வேலை இருந்தது. மடலேனாவை ஒட்டி திராட்சைத் தோட்டங்கள், 2004-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, 987 ஹெக்டேர். தோட்டம் என்றால் பந்தல் இல்லை. கருங்கல் சுவர்களால் சின்னச் சின்னக் கட்டங்கள், ஆயிரக்கணக்கில். கடல் உப்புக் காற்றிலிருந்து கொடியைக் காக்கத்தான் சுவர். சிமென்ட், சாந்து எதுவும் இல்லை, வெறும் கல் அடுக்கு. கொடி வளர்வதும் லாவாப் பாறை இடுக்கில். நம் கிராமங்களில் பிளந்த கல்லை நட்டு வேலி போடுவோம். இவர்கள் தீவையே அப்படிச் செய்துவைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் ஒரு கல்லைக் கையில் எடுத்து நகத்தால் சுரண்டி, “இதுக்குப் பாலிஷ் ஏறாது, ஒரே ஓட்டை” என்றார். எரிமலைக்கு வெளியே வந்து சட்டென்று ஆறியதால் உள்ளே இருந்த காற்றுக் குமிழ் அப்படியே நின்றுவிட்டது, கல்லுக்குள் இருக்கும் படிக மணியும் பெரிதாகவில்லை. நம் கிரானைட் பூமிக்கு அடியில் மெதுவாக ஆறியது, அதனால்தான் அந்த மின்னும் மணிகள். கிருஷ்ணகிரிப் பாறைக்கு வயது 250 கோடி ஆண்டு. பிக்கோ மலைக்குச் சில லட்சம். ‘பச்சைக் குழந்தை’ என்று அந்த மலையைப் பார்த்துச் சொன்னார், கொஞ்சம் இளக்காரமாகத்தான்.

ஃபயாலுக்கு மடலேனாவிலிருந்து படகில் அரை மணி நேரம். ஒரு பகலில் போய் வந்துவிடலாம். கபெலீன்யோஸ் மட்டும் தவறவிடாதீர்கள். 1957 செப்டம்பரில் கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலுக்குள் எரிமலை வெடித்து, பதின்மூன்று மாதம் ஓடியது. கலங்கரை விளக்கத்தின் கீழ்த்தளம் சாம்பலில் புதைந்து, இன்றும் மேல்பாதிதான் வெளியே தெரிகிறது. வீடும் நிலமும் போனவர்களுக்காக அமெரிக்கா 1958-இல் தனிச் சட்டமே போட்டு இடம் கொடுத்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கிளம்பிப் போனார்கள். ஓர்டா துறைமுகத்தில் அட்லாண்டிக்கைக் கடக்கும் பாய்மரக்காரர்கள் சுவரில் படம் வரைந்துவிட்டுத்தான் போவார்கள், வரையாமல் போனால் கெட்டது நடக்கும் என்று நம்பிக்கை.

டெர்சைராவை பேக்கேஜில் ‘ஷாப்பிங், ஓய்வு’ என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். கிருஷ்ணகிரிக்காரர்களை அங்கே அனுப்பிவிட்டு ஷாப்பிங் என்று எழுத எப்படி மனசு வந்ததோ. அந்தத் தீவில் மே முதல் அக்டோபர் நடு வரை ஊர் ஊராக, தெருத் தெருவாக, மாடு விடுகிறார்கள்! எந்த ஊரில் எப்போது என்று கேட்டது அறை கொடுத்த பையனிடம். அவனே கூட்டிப் போய் ஒரு வீட்டு மதில்மேல் இடம் பிடித்துக் கொடுத்தான்.

தெருவோர வீடுகளுக்கெல்லாம் முன்னால் பலகை அடித்திருக்கிறார்கள். தெருவின் இரு கோடியிலும் தரையில் கோடு, மாடு அதைத் தாண்டாது. ராக்கெட் வெடித்தால் மாடு வெளியே வருகிறது என்று அர்த்தம், மறுபடி வெடித்தால் கூண்டுக்குள் போய்விட்டது. மாட்டின் கழுத்தில் நீளமான கயிறு. வெள்ளைச் சட்டை, கறுப்புத் தொப்பி போட்ட ஆட்கள் இழுத்துப் பிடிக்கிறார்கள். கொம்பு நுனியில் உறை. பையன்கள் முன்னால் ஓடிப்போய்க் குடையை விரித்து ஆட்டுகிறார்கள், மாடு திரும்பினால் மதிலில் தாவுகிறார்கள். மாட்டைக் கொல்வதில்லை. ஒரு சாயங்காலத்துக்கு நான்கு மாடு.

என் கொழுந்தனார் எருது விடும் விழாவுக்கு மாடு வளர்ப்பவர். அவருக்கு வீடியோ கால் போட்டோம். இங்கே நடுராத்திரி, தூக்கத்திலிருந்து எழுந்து பார்த்தார். “கயிறு எதுக்குண்ணே?” என்பதுதான் முதல் கேள்வி. நம் பக்கம் மாட்டை அவிழ்த்து விட்டால் விட்டதுதான், கொம்பில் கட்டிய தட்டியைப் பறிக்கிறவன் பறிக்கட்டும். கயிற்றோடு விடுவது அவர் கணக்கில் பாதி விளையாட்டு. ஆனால் மாட்டின் திமிலையும் காலையும் காட்டச் சொல்லி, மூன்றாவது மாட்டைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். விலை என்ன என்று கேட்டு மெசேஜ் வேறு அனுப்பியிருந்தார்.

மறுநாள் அங்ரா நகரத்தைச் சுற்றினோம். 1980 புத்தாண்டு அன்று நிலநடுக்கத்தில் நொறுங்கி, பழையபடியே கட்டி எழுப்பிய ஊர். 1983-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நடைபாதையெல்லாம் கறுப்பு, வெள்ளைக் கல்லில் கோலம் மாதிரி பதித்தது. வீட்டுக்காரர் குனிந்து குனிந்து படம் எடுத்ததில் அத்தைக்கும் எனக்கும் ஐஸ்கிரீம் சாப்பிட நேரம் கிடைத்தது.

போக நினைப்பவர்களுக்கு: லிஸ்பன் வரை எப்படியாவது போய்விடுங்கள், அங்கிருந்து தீவு டிக்கெட், தீவுக்குள் சாட்டா விமானம், படகு, கார் எல்லாம் நீங்களே ஆன்லைனில் போடலாம். சாவ் மிகேலில் நாலு நாள், பிக்கோவில் லாஜெஸ் பக்கம் அறை, டெர்சைராவில் மாடு விடும் நாளைக் கேட்டுவிட்டு டிக்கெட். ஜூலையில் சாலையோரம் பூரா நீல ஹைட்ரேஞ்சா பூத்திருக்கும், அறை வாடகையும் பூத்திருக்கும். நீலத் திமிங்கலம் பார்க்க ஆசை என்றால் வசந்த காலத்தில் போங்கள், அப்போதுதான் வடக்கே போகும் வழியில் வரும். மழைச்சட்டை எந்த மாதத்திலும் வேண்டும். சைவக்காரர்களுக்குச் சீஸ், மிளகாய் விழுது, ரொட்டி எங்கும் கிடைக்கும். அந்த மிளகாய் விழுது நம் நாக்குக்குச் சாது.

ஊருக்கு வந்ததும் எல்லா பில்லையும் வரிசையாக அடுக்கிக்கொண்டு டிராவல்ஸ் ஆபீஸுக்குப் போனேன். கணக்கு எழுதுகிறவளிடம் மாட்டினால் அப்படித்தான். கொசீடோவுக்கு வாங்கிய காசை அங்கேயே ஜிபேயில் போட்டுவிட்டார். டாக்ஸிச் செலவில் பாதி தருவதாகச் சொல்லியிருக்கிறார், இன்னும் வரவில்லை. திமிங்கலப் படகுக் காசைக் கேட்டதற்கு மட்டும், “அதான் பாத்துட்டீங்களேக்கா” என்கிறார்.